ஒடுங்கிய காலுக்கு ஏற்ற பூட்ஸ்

"வளரும் கால், ஓர் அளவு பெரிதாகவே வாங்குவோம்." நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கச் செல்லும்போது இச்சொற்களைக் கேளாதார் இலர். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தளர்ந்து கிடக்கும் காலணி, அடுத்த மார்ச்சில் சரியாகிவிடும் என்பது நம் கணக்கு. செருப்புக்கு அக்கணக்கு ஓரளவு பொருந்தலாம். பனிமலைச் சரிவில் நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு சறுக்கிச் செல்வோருக்கோ அது துன்பமே தரும். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றிய நான், என் பேத்தியின் கால்விரல் நகம் கறுத்த பின்னரே இவ்வுண்மையை அறிந்தேன். அறிந்ததை மாணவ மாணவியராகிய உங்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

என் மகளும் மருமகனும் ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புருக் நகரில் பணியாற்றுகின்றனர். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்த நகரம் அது. 1964ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் அங்கு நடைபெற்றன. அந்நகரை அடுத்து இக்ல்ஸ் என்றோர் ஊர் உண்டு. அவ்வூருக்கு மேலே 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பாட்ஷெர்கோஃபெல் என்னும் மலை எழுந்து நிற்கிறது. இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடவர் விரைவுச் சறுக்குப் போட்டி அம்மலையில்தான் நடந்தது. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பாக முதன்முதல் பங்கேற்ற ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பார், 1964இல் வந்து போட்டியிட்டதும் அந்நகரில்தான். ஆகவே, அம்மலையடிவாரத்தில் நின்றபோது முற்றிலும் அயலான ஓரிடத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் பேத்திக்கு அப்போது வயது பதின்மூன்று. அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் குளிர்காலத்தில் ஒரு வார காலம் மாணவர்களை மலைக்கு அழைத்துச் சென்று பனிச்சறுக்குக் கற்பிக்கும் வழக்கம் உண்டு. அவள் அந்நாட்டுக்குச் சென்று ஓராண்டே ஆகியிருந்தது. உடன் பயிலும் பிள்ளைகளோ நடை பழகிய காலந்தொட்டுச் சறுக்கப் பழகியவர்கள். அவர்களுக்கு முன்னே தான் மட்டும் விழுந்து எழுந்துகொண்டிருக்க நேருமோ என்று அவள் அஞ்சினாள். அந்த வாரம் வருவதற்கு முன் ஓரளவு பழகிக்கொள்ளட்டும் என்று, விடுமுறையில் அவளை அடிவாரத்துக்கு அழைத்துச் சென்றோம்.

அங்கே பூட்ஸை வாடகைக்குத் தரும் கடை ஒன்றுக்குப் போனோம். பனிச்சறுக்குப் பூட்ஸ் நம் பள்ளிப் பூட்ஸைப் போன்றதன்று. கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன புற ஓடு ஒன்று. அதனுள்ளே மெத்தென்ற உள்ளுறை ஒன்று. கணுக்காலுக்கும் மேலே கெண்டைக்காலின் பாதி வரை ஏறும் உயரம். இறுக்கிப் பூட்டுவதற்கு முன்புறத்தில் பெரும்பாலும் நான்கு பக்கிள்கள். உச்சியில் ஒரு பட்டை. அவள் காலுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். "விரல் முன்னால் இடிக்கிறது, தாத்தா" என்றாள். நான் உடனே, "ஓர் அளவு பெரிதாகவே கொடுக்கச் சொல், வளரும் கால் அல்லவா? இரண்டு காலுறை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்" என்றேன். பெரியவர் சொல்லுக்கு மறுப்பேது? பெரிய பூட்ஸே வந்தது.

ஒரு மணி நேரம் கழிந்தது. பேத்தி சரிவின் ஓரத்தில் அமர்ந்துவிட்டாள். கால் மரத்துப் போயிற்று; விரல்களில் வலி; உள்ளங்காலில் குரக்கு வலி. பயிற்சியாளர் அவளைப் பார்த்துவிட்டு, "அச்சம் மிகுந்த பெண், பலகையைத் திருப்பத் தயங்குகிறாள்" என்றார். நானும், "பழகப் பழகச் சரியாகும், அம்மா, சற்றுப் பொறுத்துக்கொள்" என்று தேற்றினேன். அவள் பொறுத்துக்கொண்டாள். மறுநாளும் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. "பள்ளி வாரத்துக்கு நான் போகமாட்டேன். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று தன் தாயிடம் கூறினாள். பள்ளிக்குப் பொய் எழுதித் தரும்படி என் வீட்டுப் பிள்ளை கேட்டாள் என்பது, தலைமையாசிரியனாய் இருந்த என் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று மாலை என் மகள் எங்களை வேறொரு கடைக்கு அழைத்துச் சென்றாள். காலைப் பார்த்துப் பூட்ஸைப் பொருத்தித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அங்கே இருந்தார். அவர் பூட்ஸைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தார். பேத்தியை வெறுங்காலுடன் ஓர் அளவுப் பலகையின்மீது நிற்கச் செய்தார். பாதத்தின் நீளம் 23.2 சென்டிமீட்டர். அகலமோ மிகக் குறைவு. புறங்கால் உயராமல் தட்டையாகத் தாழ்ந்திருந்தது. குதிகால் மெலிந்தது. கணுக்காலின் இருபுறமும் குழி விழுந்திருந்தது. "நாங்கள் வாடகைக்கு எடுத்த பூட்ஸின் அளவு 25.5" என்று மகள் கூறினாள். அவர் புன்முறுவல் செய்து, "வலிக்குக் காரணம் பூட்ஸ் சிறிதாக இருப்பதன்று, பெரிதாக இருப்பதே" என்றார்.

எனக்கு வியப்பாயிருந்தது. பெரிய பூட்ஸ் எவ்வாறு வலி தரும்? அவர் விளக்கியதை முறையாகக் கூறுகிறேன்.

பூட்ஸுக்குள் கால் தளர்ந்து கிடந்தால், சரிவில் இறங்கும்போது அது முன்னோக்கி வழுக்குகிறது. விரல்கள் முன் ஓட்டில் மீண்டும் மீண்டும் மோதுகின்றன, நகம் கறுக்கிறது. அணிந்திருப்பவரோ பூட்ஸ் நீளம் போதவில்லை என்று எண்ணுகிறார். வழுக்காமல் நிற்கும்பொருட்டுப் பாதம் தன்னை அறியாமலேயே விரல்களை மடக்கித் தரையைப் பற்ற முயல்கிறது. உள்ளங்காலில் குரக்கு வலி எடுக்கிறது. ஆட்டத்தைத் தடுப்பதற்காகப் பக்கிள்களைக் கடைசிப் பல் வரை இறுக்குகிறோம். அந்த அழுத்தம் முழுவதும் புறங்காலின்மேல் விழுகிறது. விரல்களுக்குச் செல்லும் இரத்தக்குழாயும் நரம்பும் அங்கே தோலுக்குச் சற்றே கீழாகத்தான் ஓடுகின்றன. அவை நசுங்கவே கால் மரத்துக் குளிர்ந்துபோகிறது. சிறிய பூட்ஸ் தரும் அதே அறிகுறிகள் பெரிய பூட்ஸிலும் தோன்றுகின்றன. ஆகவே, வலி கண்ட ஒருவர் இன்னும் பெரிய பூட்ஸைத் தேடிப் போகிறார், வலியும் பெருகுகிறது. நான் போடச் சொன்ன இரண்டாவது காலுறையும் உதவவில்லை. இரண்டு காலுறைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், மடிப்பு விழும், வியர்வை தங்கும். மெல்லிய காலுறை ஒன்றே போதுமானது.

வலியோடு இடர்ப்பாடு முடிவதில்லை. சறுக்குபவர் தம் கெண்டைக்காலின் முன்னெலும்பால் பூட்ஸின் முன்புறத்தை அழுத்துகிறார். பூட்ஸ் அவ்வழுத்தத்தைப் பலகைக்கு அனுப்புகிறது. பலகையின் எஃகு விளிம்பு பனியைக் கடித்துத் திரும்புகிறது. காலுக்கும் ஓட்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால், கால் ஆணையிட்ட பின் பலகை காலந்தாழ்த்தே திரும்பும். கடிவாளம் தளர்ந்த குதிரையின்மேல் அமர்ந்தவனுக்கு அச்சம் உண்டாவது இயல்பே. பயிற்சியாளர் அச்சம் என்று கண்டதும் இதுவே. பிள்ளை அஞ்சியது உண்மை, ஆனால், அவள் அச்சத்துக்குக் காரணம் நெஞ்சில் இல்லை, பூட்ஸினுள்ளே இருந்தது.

இனி, ஏற்ற பூட்ஸைத் தேரும் முறையைக் காண்போம்.

முதலாவது நீளம். பனிச்சறுக்குப் பூட்ஸின் அளவெண், மாண்டோபாயிண்ட் என்னும் முறைப்படி, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. 23.5 என்றால் 23.5 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதத்துக்கு உரியது என்பது பொருள். நம் ஊர்க் காலணிக் கடைகளின் எண்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மற்றொன்றையும் அறிதல் வேண்டும். 23 என்றும் 23.5 என்றும் இரு எண்கள் இருப்பினும், பெரும்பாலும் அவ்விரண்டின் புற ஓடும் ஒன்றே. எனவே, எண்ணை மட்டும் நம்புதல் கூடாது; ஓட்டைச் சோதிக்க வேண்டும்.

அச்சோதனை மிக எளிது. உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டினுள் காலை நுழைத்து, விரல்நுனி முன்புறத்தை மெல்லத் தொடுமாறு நிற்க வேண்டும். அப்போது குதிகாலுக்கும் பின் ஓட்டுக்கும் இடையே உள்ள வெளியை அளக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை இருந்தால் பொதுவான பயிற்சிக்கு ஏற்றது. பந்தய வீரர்கள் ஒரு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ கொள்வர். என் பேத்தி வாடகைப் பூட்ஸின் ஓட்டினுள் நின்றபோது, அவர் தம் மூன்று விரல்களை அடுக்கி அவள் குதிகாலின் பின்னே நுழைத்துக் காட்டினார். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"முதலில் போட்டபோது விரல் இடித்ததே?" என்று கேட்டேன். அதற்கும் விடை இருந்தது. புதிய பூட்ஸில் நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்புறத்தைத் தொடுவது இயல்பு. பக்கிள்களைப் பூட்டி, முழங்காலை முன்னே வளைத்தால், குதிகால் பின்னே சென்று அமர்கிறது; விரல்கள் விடுபடுகின்றன. சறுக்குபவர் நிற்கும் நிலை அவ்வளைந்த நிலையே. நாங்களோ அவளை நிமிர்ந்து நிற்கவைத்துத் தீர்ப்புக் கூறிவிட்டோம்.

இரண்டாவது அகலமும் கொள்ளளவும். ஒவ்வொரு பூட்ஸும் ஓர் அச்சைக் கொண்டு அமைக்கப்படுகிறது. அவ்வச்சின் முன்பாத அகலத்தை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 97, 98 என்பவை ஒடுங்கியவை, 100 நடுத்தரம், 102உம் அதற்கு மேற்பட்டவையும் அகன்றவை. இவ்வெண்கள் பொதுவாக 26.5 அளவுப் பூட்ஸை வைத்துக் கூறப்படுபவை. சிறிய அளவுகளில் அகலமும் சிறிது குறையும். ஒரு நிறுவனத்தின் 98உம் மற்றொரு நிறுவனத்தின் 98உம் காலுக்கு ஒன்றுபோல் இருக்கும் என்பதும் உறுதியில்லை. அகலம் ஓர் அளவே. கால் என்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய உருவம். முன்பாதம் ஒடுங்கியதா, புறங்கால் தாழ்ந்ததா, குதிகாலும் கணுக்காலும் மெலிந்தனவா, கெண்டைக்கால் மெலிந்ததா என்று நான்கு வினாக்களைத் தனித்தனியே எழுப்ப வேண்டும். நான்கும் ஒருவருக்கே அமைதலும் உண்டு. என் பேத்திக்கு முதல் மூன்றும் அமைந்திருந்தன. சிறுவர்க்கென அமைந்த பூட்ஸ்கள் பெரும்பாலும் அகன்றவை. ஆதலால் அவர் அவளுக்கு மகளிர்க்குரிய ஒடுங்கிய வகையில் சிறிய அளவொன்றைத் தேர்ந்தார். அவ்வகையில் மேற்பகுதி உயரம் குறைந்து, கெண்டைக்காலைத் தவறான இடத்தில் அழுத்தாமல் இருப்பதும் ஒரு நன்மை.

மூன்றாவது விறைப்பு. முன்னே சாயும்போது பூட்ஸ் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதை 60, 80, 100, 130 என்பன போன்ற எண்களால் குறிப்பார்கள். எண் பெருகப் பெருக விறைப்பும் மிகும். இவ்வெண்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. உடல் எடை குறைந்தவரும் புதிதாகக் கற்பவரும் விறைப்புக் குறைந்ததையே கொள்ள வேண்டும். கடையின் வெப்பத்தில் எளிதாக வளையும் பிளாஸ்டிக், வெளியே குளிரில் மேலும் விறைக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் பார்த்துத் தேர்ந்த பின்னரும் எஞ்சும் இடைவெளிகளை நிரப்பும் வழிகள் உண்டு. உள்ளங்காலின் வளைவைத் தாங்கும் உட்தட்டு ஒன்றைக் காலுக்கேற்ப அமைக்கலாம். புறங்கால் தாழ்ந்திருந்தால், உள்ளுறைக்கு அடியில் மெல்லிய தட்டு ஒன்றை இட்டுப் பாதத்தைச் சற்று உயர்த்தலாம். குதிகால் மெலிந்திருந்தால், உள்ளுறையின் வெளிப்புறத்தில் கணுக்காலைச் சுற்றி நுரைப்பஞ்சுத் துண்டுகளை ஒட்டலாம். உள்ளுறையை வெப்பமூட்டிக் காலின் வடிவுக்கு அமையச் செய்வதும் உண்டு. ஆயினும், ஒரு விதியை அவர் வற்புறுத்தினார். ஓட்டை ஓரிடத்தில் சூடேற்றிப் புடைக்கச் செய்து பெரிதாக்குவது எளிது; பெரிய ஓட்டைச் சிறிதாக்குவதோ அரிது. உள்ளுறையும் நாளடைவில் அமுங்கி இடங்கொடுக்கும். எனவே, சற்றே இறுக்கமானதில் தொடங்குவதே அறிவுடைமை. வளரும் பிள்ளைக்கு ஓரளவு இடம் விடலாம். அது ஒரு சென்டிமீட்டரைக் கடக்கலாகாது. இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து இடம் விடலாகாது.

இத்தொல்லை பழங்காலத்தில் இவ்வடிவில் இருக்கவில்லை. 1964இல் பாட்ஷெர்கோஃபெல் மலையில் இறங்கிய வீரர்கள் பெரும்பாலும் தோற்பூட்ஸ் அணிந்தவர்களே. தோல் இளகும், சில வாரங்களில் அணிந்தவர் காலின் வடிவைத் தானே பெற்றுவிடும், பின்னர்த் தளர்ந்து கெட்டும் போகும். அப்பத்தாண்டில்தான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் லாங்கே என்பார் பிளாஸ்டிக் பூட்ஸைச் செய்து பரப்பினார். 1976இல் அதே மலையில் ஃபிரான்ஸ் கிளாமர் வெற்றி பெற்றபோது பிளாஸ்டிக்கே எங்கும் நிலைபெற்றிருந்தது. பிளாஸ்டிக் ஓடு காலின் விசையைச் சிதறாமல் பலகைக்குச் சேர்க்கும். ஆனால், தோலைப்போல் தானே காலுக்கு இணங்காது. பொருள் இணங்க மறுக்கும்போது, அளந்து இணங்கச் செய்வது மனிதன் கடமையாகிறது.

இறுதியாக ஒரு செய்தி. பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் கவ்வி, விழும்போது தானே விடுபட்டுக் காலைக் காக்கும்படி அமைக்கப்பட்டது. அது விடுபட வேண்டிய விசையைப் பூட்ஸின் அடிநீளம், அணிபவரின் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கொண்டு கணித்து அமைப்பர். ஆகையால், பூட்ஸை மாற்றினால் கவ்வியையும் தேர்ந்தவரிடம் மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டும். நாங்களும் அவ்வாறே செய்தோம்.

புதிய பூட்ஸை அணிந்து கடைக்குள்ளேயே இருபது நிமிடம் நடக்கச் சொன்னார். பேத்தி முழங்காலை வளைத்தாள், குதிகால் எழவில்லை. பக்கிள்கள் நடுப்பல்லிலேயே நின்றன. "கையை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது, தாத்தா" என்றாள். காலைப் பற்றிய பேச்சில் கை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, எனக்குப் புரிந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், ஆறாம் வகுப்பில் உருவத்தில் மிகச் சிறிய மாணவன் ஒருவன் இருந்தான். அவன் கையெழுத்து எழுத்துக்கு எழுத்து கோணலாயிருக்கும். கவனமற்றவன் என்று கடிந்தேன். பத்துப் பத்து முறை எழுதிவரச் செய்தேன். ஒருநாள் பெஞ்சுகளுக்கு வண்ணம் பூசுவதற்காக அவற்றை வெளியே எடுத்துச் சென்றுவிட்டார்கள். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மடியில் பலகையை வைத்து எழுதினர். அன்று அவன் எழுத்து நேராக நின்றது. உயர்நிலை வகுப்பு மாணவர்க்கெனச் செய்த பெஞ்சில், கால் தரையில் எட்டாமல், தோளளவு உயர்ந்த மேசையில் அவன் ஓராண்டாக எழுதி வந்திருக்கிறான். அவனுக்கு மரத்துண்டு ஒன்றைக் காலடியில் இட்டு, குட்டையான மேசையொன்றையும் தேடிக் கொடுத்தேன். கற்பிப்பவனுக்குக் கிடைத்த நல்ல பாடம் அது. ஆயினும், என் பேத்தி சரிவில் அமர்ந்து அழுதபோது அப்பாடம் என் நினைவுக்கு வரவில்லை. "பொறுத்துக்கொள்" என்றுதான் சொன்னேன்.

மாணவர்களே, உங்களில் சிலர் குல்மார்க்கிலோ ஔலியிலோ ஒருநாள் பனியில் சறுக்கக்கூடும். பலர் பனியையே காணாதிருக்கவும் கூடும். எவராயினும், ஒரு பயிற்சியில் உங்களுக்கு வலியும் அச்சமும் தோன்றினால், உங்கள் திறமையைக் குறைகூறுமுன் கருவியை அளந்து பாருங்கள். பெரியவர்கள் ஓர் அளவு பெரிதாகத் தந்திருந்தால், அன்போடு தந்ததாயினும், "இது எனக்குப் பொருந்தவில்லை" என்று பணிவுடன் கூறுங்கள். அவ்வாறு கூறுவது பொறுமையின்மை ஆகாது.

பள்ளி வாரத்துக்குக் காய்ச்சல் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. பேத்தி சென்றாள், பலமுறை விழுந்தாள், கடைசி நாளில் இளையோர் சரிவு முழுவதையும் நில்லாமல் இறங்கினாள் என்று அவளே தொலைபேசியில் கூறினாள். கறுத்த நகம் வளர்ந்து விழச் சில மாதங்கள் ஆயின. ஊர் திரும்பிய பின், என் பேரனுக்குப் பள்ளிக் காலணி வாங்கக் கடைக்குச் சென்றேன். "ஓர் அளவு பெரிதாகத் தரட்டுமா, ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார். "முதலில் காலை அளந்து பாருங்கள்" என்றேன்.